மூன்றாம் நாள் காலை தலையைத் தூக்க முடியவில்லை: ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை நாலரை மணிக்கே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று ஏதாவது ஒரு பாதையில் மலையேறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். மாநிலம் தாண்டிப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. "மேல வேலைக்குப் போறோம்" என்பதோடு சரி. பெண்கள் பெரும்பாலும் களையெடுப்பும் காய் எடுப்பும் பார்ப்பார்கள். மருந்தடிப்பு ஆண்களுக்கு. அதற்குக் கூலி கொஞ்சம் கூடுதல்.

இந்த ஆய்வுக்கு உரியவருக்கு வயது 41. எட்டு வருடமாக மருந்தடிக்கிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு எதுவும் கிடையாது. மனைவி அதே தோட்டத்தில் காய் எடுக்கிறார். மகன் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. நான் அடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் பணி மருத்துவர். எங்களிடம் வென்டிலேட்டர் ஒன்று உண்டு. அதை நாள்கணக்கில் கூடவே இருந்து பார்க்க ஆள் கிடையாது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை: தோட்டத்தில்

காலை எட்டு மணிக்கு டிரம்மில் மருந்து கலக்கும்போது, தண்ணீர் சேர்க்காத மூல மருந்து டப்பாவிலிருந்து சிந்தி இடுப்பிலும் தொடையிலும் கொட்டியிருக்கிறது. துண்டால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மாற்றுத் துணி இல்லை. வேலையை நிறுத்தினால் அரைநாள் சம்பளம் போகும். ஈரக் கைலி உடம்பில் ஒட்டியபடியே நாலு மணி நேரம் ஓஸைப் பிடித்து மருந்தடித்தார்.

மதியம் தலைவலி, கண் மங்கல், வியர்வை. சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மணிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஜீப்பில் இறக்கினார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் சாப்பாட்டு ஒவ்வாமை என்று கருதி, வாந்தி நிற்க ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மருத்துவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கூட வந்தவர்கள் மருந்து சிந்திய கதையைச் சொல்லவே இல்லை. வாந்தி, பேதி என்று மட்டும் கேட்டிருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

திங்கள் மாலை 5.30: நாங்கள் பார்த்தது

சட்டை பிழிந்தால் சொட்டும் அளவு வியர்வை. வாயில் நுரையும் எச்சிலும் வழிந்துகொண்டிருந்தன. இரு நுரையீரலிலும் கரகரப்பு. ஆக்சிஜன் அளவு 84. கண்மணிகள் இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. கெண்டைக்காலிலும் இமையிலும் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தசை துடித்தது. உடம்பில் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற வாடை.

ஒன்று மட்டும் இடித்தது. நாடித்துடிப்பு 112. பூச்சிமருந்து நஞ்சில் நாடி குறையும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உடனிருந்த பயிற்சி மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டி, "வேறு ஏதாவதா இருக்குமா மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் நரம்பு அமைப்பு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

நரம்பு பேசும் முறை

ஒரு நியூரானுக்குள் செய்தி மின்சாரமாக ஓடும். வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, பின்னாலேயே பொட்டாசியம் வெளியேற, அந்த அலை நரம்பிழை நெடுகப் போகிறது. தடித்த, உறை போர்த்திய இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை வேகம். இழையின் முனையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அடுத்த செல்லுக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அது ஒரு மில்லிமீட்டரை இலட்சம் பங்காக்கினால் ஐந்து பங்கு அகலம்தான். ஆனாலும் மின்சாரம் தாண்டாது. முனையில் கால்சியம் நுழையும். அங்கே சேர்த்து வைத்திருக்கும் சிறு பைகள் வெடித்து, உள்ளிருக்கும் வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டதும் அந்தப் பக்கம் வேலை தொடங்கும்.

இதை நிரூபித்தவர் ஓட்டோ லோவி. 1921-இல் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் மூழ்கியிருந்த நீரை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பே தொடாத இதயத்துக்கு நரம்பின் செய்தியை நீர் கொண்டுபோனது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். இதற்காக 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சொன்ன செய்தியை உடனே துடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செய்தி கேட்காது. அந்த வேலைக்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை உடைத்துப்போடும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் இந்த நொதியைத்தான் பூட்டுகின்றன. பூச்சியும் மனிதனும் இந்த விஷயத்தில் உறவுக்காரர்கள்.

இப்போது நாடிக்கு வருவோம். அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் ஏற்பிகளில் இரண்டு வகை. காளானில் கிடைக்கும் மஸ்கரினுக்கு இணங்கும் வகை சுரப்பிகளிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் கண்மணியிலும் இதயத்திலும் இருக்கிறது. எச்சில், சளி, பேதி, சுருங்கிய கண்மணி எல்லாம் அதன் வேலை. புகையிலையின் நிகோட்டினுக்கு இணங்கும் வகை தசைகளிலும், தன்னியக்க நரம்புகள் கைமாறும் முடிச்சுகளிலும் இருக்கிறது. அந்த முடிச்சுகள் கிளறப்பட்டால், ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு விழித்து, இதயத்தைத் தட்டி எழுப்பும். ஆக, ஒரு நரம்பு நாடியை இழுத்துப் பிடிக்கிறது, இன்னொன்று விரட்டுகிறது. எது ஜெயிக்கும் என்பது ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி. நாடி 112 என்பதை வைத்து நஞ்சு இல்லை என்று சொல்ல முடியாது. வியர்வையும் இப்படித்தான் குழப்பும். அது பரிவு நரம்பின் வேலை, ஆனால் அந்த நரம்பு வியர்வைச் சுரப்பியிடம் மட்டும் அசிட்டைல்கோலினில் பேசுகிறது.

எடுத்த முடிவுகள்

டப்பா வரட்டும், இரத்தப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆக்சிஜன் வைத்து, சளியை உறிஞ்சி, மஸ்கரின் வகை ஏற்பியை மறைக்கும் அட்ரோபின் ஊசியைத் தொடங்கினோம். எங்களிடம் இருப்பது 0.6 மில்லிகிராம் குப்பிகள். முதலில் 3 குப்பி, ஐந்து நிமிடத்தில் 6, அடுத்த ஐந்து நிமிடத்தில் 12. மொத்தம் 21 குப்பி, 12.6 மில்லிகிராம். புதிதாக வந்தவர்களுக்கு இந்த இரட்டிப்பு பயமாக இருக்கும். மார்பு தெளிந்து, அக்குள் உலர்ந்து, நாடியும் இரத்த அழுத்தமும் 80-க்கு மேல் நிற்கும்வரை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் முறை. கண்மணி கடைசியில்தான் விரியும், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆறே கால் மணிக்கு மார்பு தெளிந்தது. அதன்பின் மணிக்கு 2 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து ஏற்றினோம். நொதியைப் பூட்டிலிருந்து விடுவிக்கப் பிராலிடாக்ஸிமும் கொடுத்தோம். இருப்பில் இருந்த அட்ரோபினில் பாதி முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துபோனதால், வேறு மருந்தகத்துக்கு ஆள் அனுப்பினோம்.

துணியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவியாயிற்று. ஆனால் வாடை போகவில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் மூத்த செவிலியர். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு மருந்தில் ஊறி ஈரமாகவே கிடந்தது. மருந்து கொட்டிய இடமும் அதேதான். கத்தரிக்கோலை எடுத்ததும் நோயாளியின் தாயார் கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கிறவனுக்கு அருணாக்கயித்த அறுக்கக் கூடாது தாயி." எங்கள் பக்கம் அதை அறுப்பது இறந்தவருக்கு. செவிலியர் விவாதம் செய்யவில்லை. வெளியே பெட்டிக்கடையில் புதுக்கயிறு வாங்கிவரச் சொல்லி, அதை முதலில் கட்டிவிட்டு, பிறகு பழையதை அறுத்துப் பையில் போட்டுக் கட்டினார். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இன்று யோசித்தால், அந்த அம்மாவோடு மல்லுக்கு நின்றிருந்தால் அடுத்த நாட்களில் எங்கள் பேச்சை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நஞ்சு என்பதால் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டியிருந்தது. "தற்கொலை முயற்சியா?" என்ற கேள்வி வந்ததும் மனைவி உடைந்துபோனார். தோட்டத்துச் சூப்பர்வைசர் இரவு ஒன்பது மணிக்கு டப்பாவின் படத்தைப் போனில் அனுப்பினார். மஞ்சள் முக்கோணம், ஆர்கனோபாஸ்பேட். சிவப்புக்கு அடுத்த படி நச்சு.

செவ்வாய்: தேறிவிட்டார் என்று நினைத்த நாள்

செவ்வாய் காலை கண் திறந்து பேசினார். அட்ரோபின் கொஞ்சம் கூடிப்போய், இல்லாத பூச்சியைப் போர்வையில் பிடித்துக்கொண்டிருந்தார். அளவைக் குறைத்ததும் தெளிந்தார். மாலையில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தார். வீட்டார் முகத்தில் உயிர் வந்தது. "நாளைக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா டாக்டரம்மா?" என்று மனைவி கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஐ.சி.யூ. படுக்கை இன்னொருவருக்குத் தேவைப்பட்டது. இரவு எட்டு மணிக்கு இவரைப் பொது வார்டுக்கு மாற்றச் சொல்லி எழுதினேன்.

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அந்த ஒரு வரி.

புதன் காலை 5 மணி

வார்டில் இரவுப் பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன செவிலியர். தண்ணீர் கேட்டாரென்று டம்ளரை நீட்டியிருக்கிறார். நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கிப் பிடித்துக் கொடுத்தால் தண்ணீர் மூக்கு வழியே வந்தது. குரல் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருந்தது. நாடி 88, இரத்த அழுத்தம் சரி, ஆக்சிஜன் 96. எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் கூப்பிட்டோம் என்று யாராவது திட்டுவார்களோ என்று யோசித்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

நான் திட்டவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். "ரெண்டு நாள் தூக்கமில்ல, அட்ரோபின் களைப்பு. ஏழு மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்றேன். மருந்து சிந்தி 45 மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு அப்போது மனதில் ஓடவில்லை.

ஏழு மணிக்குப் பார்த்தபோது இமைகள் பாதி சரிந்திருந்தன. இரட்டையாகத் தெரிகிறது என்றார். கைவிரல்களை இறுக்கிப் பிடித்தார், ஆனால் தோளை உயர்த்த முடியவில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்த்தேன். 11. அரை மணி கழித்து 7. நல்ல உடம்புக்காரர் 30-ஐத் தாண்டுவார். ஆக்சிஜன் அளவு அப்போதும் 95. மூச்சுத்தசை தளரும்போது ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருப்பது ஏமாற்றம்.

எச்சில் இல்லை, மார்பில் கரகரப்பு இல்லை, கண்மணி நடுத்தர அளவு. ஆகவே திங்கட்கிழமை வந்த அலை திரும்பவில்லை. இது இரண்டாவது அலை. 1974-இல் நம் நாட்டிலேயே வாடியாவும் அவரது குழுவினரும், இந்த நஞ்சில் முதலில் வரும் தளர்ச்சியையும் பிந்தி வரும் தளர்ச்சியையும் பிரித்துக் காட்டினார்கள். 1987-இல் இலங்கையைச் சேர்ந்த சேனாநாயக்கவும் கரலியத்தவும் பத்து நோயாளிகளை வைத்து இதற்கு 'இடைநிலை நோய்க்குறி' என்று பெயர் கொடுத்தார்கள். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், இடுப்பு, முகம், மூச்சுத்தசை தளரும். படித்ததுதான். தேர்வில் எழுதியதும்தான்.

ஏன் அட்ரோபினைக் கூட்டவில்லை

பயிற்சி மருத்துவர் மீண்டும் 3 குப்பி போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். அட்ரோபின் மறைப்பது மஸ்கரின் வகை ஏற்பியை மட்டும். தசையில் இருப்பது நிகோட்டின் வகை. அங்கே இரண்டு நாளாக அசிட்டைல்கோலின் வடியாமல் தேங்கி, ஏற்பிகள் மரத்துப்போய்விட்டன. நரம்பு ஆணை அனுப்புகிறது, இடைவெளியில் வேதிப்பொருள் கொட்டுகிறது, எதிர்க்கரை கேட்பதில்லை. அட்ரோபின் எவ்வளவு போட்டாலும் இந்தக் காதுக்கு எட்டாது. புது ஏற்பியும் புது நொதியும் உடம்பில் உருவாகும்வரை அவருக்காக நாம் மூச்சுவிட வேண்டும். அதுதான் சிகிச்சை.

வென்டிலேட்டர் பல நாளுக்குத் தேவைப்படும், ஆகவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். மூச்சுவிட வைக்கத் தொண்டை வழியே குழாய் வைக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றலாமா, வைத்துவிட்டு ஏற்றலாமா என்பது கேள்வி. 7-ஆக இருந்த எண்ணிக்கை வழியில் 3-ஆனால் ஆடும் வண்டியில் குழாய் வைக்க முடியாது. இங்கேயே வைத்தோம். தசையைத் தளர்த்த வழக்கமாகப் பயன்படுத்தும் சக்ஸமெத்தோனியத்தைத் தவிர்த்தோம். அதை இரத்தத்தில் உடைப்பதும் கோலினெஸ்டரேஸ் குடும்பத்து நொதிதான். அதுவும் இதே நஞ்சால் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், நிமிடங்களில் தீர வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நின்றுவிடும்.

மகனிடம் சொன்னது

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மகன் கேட்டான்: "நேத்து டீ குடிச்சாரே மேடம். இன்னிக்கி எப்படி?" நரம்பு முனையின் அந்த இடைவெளியைப் பற்றிய சினாப்ஸ் பாடம் படித்திருந்தான். படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறான். அதற்கும் அப்பாவின் கழுத்துக்கும் தொடர்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

அவர்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு, பெரியாறு வாய்க்கால் பாய்ச்சல். ஆகவே வயலை வைத்துச் சொன்னேன். மடை திறந்தால் தண்ணீர் வரும், வடிகால் வழியே போகும். வடிகாலை அடைத்துவிட்டால் முதல் நாள் வரப்பு வழிந்து ஊரெல்லாம் தண்ணீர். திங்கட்கிழமை நடந்தது அது. அட்ரோபின் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் நுழையாமல் கதவை அடைத்தது. வடிகால் அடைபட்டபடியேதான் இருந்தது. தேங்கிய வயலில் மூன்றாம் நாள் என்ன ஆகும்?

"வேர் அழுகிரும்" என்றான். அப்புறம் உடனே, "அழுகினா திரும்ப வராதே மேடம்?" என்றான். உவமையில் எனக்கு அங்கேதான் சறுக்கியது. அழுகவில்லை, மரத்துப்போயிருக்கிறது, திரும்ப வரும் என்று திருத்திச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். அப்பாவுக்கு மூளை மயங்கவில்லை. மயக்க மருந்து குறையும் நேரங்களில் நீ பேசுவது கேட்கும். இமையைத் தூக்க முடியாததால் தூங்குவது போலத் தெரியும். பேசிக்கொண்டே இரு.

பிறகு நடந்தது

ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். முதலில் கண் அசைவும் இமையும் திரும்பின. அடுத்து மூச்சு, பிறகு தோள். கழுத்து கடைசி. பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். பாதமும் கையும் மரத்துத் தளரும் மூன்றாவது விதப் பாதிப்பு சில வாரம் கழித்து வரலாம் என்பதால் மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் வரவழைத்துப் பார்த்தோம். வரவில்லை.

மகன் தினமும் வந்து கபடி ஸ்கோர் சொன்னதையும், இரண்டு பேர் படுக்கையருகே நின்று "இது தேறாது" என்று பேசியதையும் அவர் பிறகு சொன்னார். பேசியவர்களின் குரலையும் அடையாளம் வைத்திருந்தார்.

இப்போது அதே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. கூலி குறைவு. மருந்தடிக்க வேறொருவர் போகிறார்.

மாற்றியவை

முதலாவது, 96 மணி நேரம் முடியும்வரை ஐ.சி.யூ.வை விட்டு மாற்றுவதில்லை. படுக்கை நெருக்கடி இருந்தாலும் செவிலியர் மேசைக்கு எதிர்ப் படுக்கையாவது கொடுக்கிறோம்.

கவனிப்புத் தாளில் ஒரு கட்டம் சேர்த்தோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி எத்தனை நொடி நிறுத்த முடிகிறது என்று எழுத வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் மருத்துவர் நேரில் வர வேண்டும், போனில் பதில் சொல்லக் கூடாது. இந்த விதி எனக்காக எழுதப்பட்டது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

துணி களையும் பட்டியலில் அரைஞாண் கயிறு, பெல்ட், தாயத்து, தலைத்துண்டு சேர்ந்தன. அவசரப் பிரிவு அலமாரியில் ஒரு கறுப்புக் கயிற்றுக் கண்டும் வைத்திருக்கிறோம்.

ஜீப் ஓட்டுநர்கள் சிலரிடம் பேசினேன். மருந்தடிக்கும் ஆளுக்கு வாந்தி வந்தால் டப்பாவைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், மருந்து மேலே சிந்தியிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றேன். மாற்றுக் கைலியும் சோப்பும் ஜீப்பிலேயே கிடந்தால் நல்லது என்றும் சொன்னேன். ஒருவர் மட்டும் வைத்திருக்கிறார்.

போன மாதம் இன்னொரு மருந்தடிப்பாளர் வந்தார். நான்கு நாள் இருந்தார். தாளில் 24 கட்டங்கள், அத்தனையிலும் 5 என்றே எழுதியிருந்தது. பாதிக்கு மேல் அந்த இரவுச் செவிலியரின் கையெழுத்து.